பைபாஸ் இனி இயலாது என்றபின் மரபணு சிகிச்சை உதவுமா?

கேள்வி:
என் தந்தையாருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் செய்த பைபாஸில் ஒட்டிய குழாய்களும் அடைபட்டுவிட்டன. இதயத்தின் மற்ற குழாய்கள் மிக மெலிந்திருப்பதால் ஸ்டென்ட் வைக்கவோ மறுபடி பைபாஸ் செய்யவோ வழியில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். மாத்திரைகளை உட்கொண்டும் மாடிப்படி ஏறினால் நெஞ்சுவலி வருகிறது. புதிய இரத்தக்குழாய்களை வளரச் செய்யும் மரபணு சிகிச்சை, மாரடைப்பில் சேதமான தசையை மீட்டுத் தருமா?

பதில் 1:
மாரடைப்பில் இறந்து தழும்பாகிவிட்ட தசை, இரத்தம் திரும்பினாலும் மறுபடி துடிக்காது. ஆனால் அதன் ஓரங்களில், போதிய இரத்தமின்றித் தன் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு கிடக்கும் தசை இருக்கக்கூடும். இச்சிகிச்சை நாடுவது அதைத்தான். ஆக்சிஜன் குறையும்போது நம் செல்களே விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரந்து புதிய நுண்குழாய்களை வளர்க்கின்றன. அந்தப் புரதத்தை இரத்தத்தில் செலுத்தினால் விரைவில் நீங்கிவிடும், இரத்த அழுத்தமும் தாழக்கூடும் என்பதால், அதன் மரபணுவையே தசைக்குள் செலுத்தி, தசையே சிலகாலம் அதைத் தயாரிக்கும்படி செய்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் இதய மருத்துவர் ஜெஃப்ரி இஸ்னரின் குழு, வேறு வழியற்றிருந்த 5 நோயாளிகளுக்கு மார்பில் சிறு கீறலிட்டு இதைச் செய்து, வலி குறைந்ததாக 1998இல் வெளியிட்டது.

பதில் 2:
அந்த ஐவருடன் ஒப்பிட வேறு குழு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனடாவில் 93 பேரிடம் நடந்து 2009இல் வெளியான நார்தர்ன் என்னும் விஇஜிஎஃப் மரபணு ஆய்வில், மரபணு பெற்றவர்களுக்கு மட்டுமன்றி ஒப்பீட்டுக்காக மரபணு இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் வலி குறைந்தது, உடற்பயிற்சி செய்யும் நேரமும் கூடியது. இரத்த ஓட்டத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. நெஞ்சுவலி இவ்வாறு எதிர்பார்ப்பினாலேயே தணியக்கூடியது என்பதால், இத்துறையில் இரத்த ஓட்டத்தை அளந்து காட்டாத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை. ஃபின்லாந்தின் குவோபியோவில் ஆய்வாளர் செப்போ யுலா-ஹெர்ட்டுவாலாவின் குழு, மரபணுவைச் சுமந்து செல்லும் அடினோவைரஸ் மூலம், விஇஜிஎஃப் வகையைச் சேர்ந்த விஇஜிஎஃப்-டி மரபணுவைக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியே இதயத் தசையில் செலுத்தியது. சிகிச்சை பெற்ற பகுதியில் இரத்த ஓட்டத்தின் இருப்புத்திறன், அதாவது தேவைப்படும்போது கூடுதல் இரத்தம் பாயும் திறன், உயர்ந்து ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்ததை, இரத்த ஓட்டத்தை அளக்கும் பெட் ஸ்கேன் காட்டியதாக 2017இல் அறிவித்தது. எனக்கு மெய்யான நம்பிக்கை தருவது இதுவே. ஆயினும் அதில் இருந்தவர்கள் 30 பேர் மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மருத்துவரிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில் 2:
உயிருள்ள தசை எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை எம்ஆர்ஐ அல்லது பெட் ஸ்கேன் மூலம் அறிய இயலுமா என்று முதலில் கேளுங்கள். ரனோலசின், நிகோரண்டில் போன்ற மருந்துகளும், கால்களில் காற்றுப்பட்டை கட்டிச் செய்யும் இஇசிபி சிகிச்சையும் அவருக்குப் பொருந்துமா என்பதையும் கேளுங்கள்; இவை இன்றே கிடைப்பவை. மரபணு ஆய்வில் சேர்க்க எண்ணினால், புற்றுநோய் இருந்ததா, நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டுள்ளதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் குழாய் வளர்க்கும் புரதம் அவற்றுக்கும் துணைபோகலாம். பணம் கட்டினால் உடனே செய்கிறோம் என்று எவரேனும் அழைத்தால், தயவுசெய்து செல்லாதீர்கள்.