ஃபோமல்ஹாட் தூசி வளையம் ஏன் ஒரு பக்கமா தள்ளி இருக்கு?

பொங்கோல்_அப்பா:
மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், இளம் நட்சத்திரங்களச் சுத்தி இருக்குற தூசித் தட்டு பத்தி. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்துல, ஃபோமல்ஹாட்ங்குற நட்சத்திரம் அதச் சுத்தி இருக்குற தூசி வளையத்துக்கு நட்டநடுவுல இல்ல, ஒதுங்கி நிக்குது. அது கூட பரவால்ல, ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கியோட இன்ஃப்ராரெட் (வெப்பக் கதிர்) படத்துல தெற்குப் பக்கம் பளிச்சுனு இருக்கு, சிலில இருக்குற ஆல்மா ரேடியோ தொலைநோக்கி படத்துல பார்த்தா எதிர்ப்பக்கம்தான் தூக்கலா இருக்கு. சாய்வா பார்க்குறதால அப்படித் தெரியுதா, இல்ல நெசமாவே வளையம் கோணலா? அவ கேக்குற கேள்வில எனக்கு முழி பிதுங்குது லா.

வானம்65:
நெசமாவே கோணல்தான். வட்ட வளையத்த சாய்ச்சுப் பார்த்தா நீள்வட்டமாத் தெரியும், ஆனா நட்சத்திரம் நடுவுலயேதான் இருக்கும். இங்க வளையத்தோட மையம், பூமி-சூரியன் தூரம் மாதிரி 15 மடங்கு தள்ளி இருக்குன்னு 2005லயே ஹபிள வச்சு அளந்துட்டாங்க. நீள்வட்டப் பாதைல சுத்துற தூசி ஒரு பக்கம் நட்சத்திரத்துக்குக் கிட்ட வரும், மறுபக்கம் தூரப் போகும், கிட்ட வர்ற பக்கம் சூடு ஜாஸ்தி, அதனால ஹெர்ஷெல்ல அது பளிச். தூரத்துப் பக்கம் தூசி மெதுவாப் போகும்ல, அங்க கூட்டம் சேர்ந்துடும், ஆல்மா பார்க்குற மில்லிமீட்டர் அலைல சூட்ட விட தூசி எவ்ளோ இருக்குங்குறதுதான் பெருசாத் தெரியும், அதான் இடம் மாறுது. ரெண்டு படமும் சரிதான்.

சிராங்கூன்_ராத்திரி:
வானம் சொன்னது கரெக்ட், ஆனா ஹபிள் மாதிரி, தூசில பட்டுச் சிதறுற நட்சத்திர வெளிச்சத்தப் பிடிக்கிற படத்துல, வெளிச்சத்த மட்டும் வச்சு தூசி அங்க ஜாஸ்தின்னு முடிவு பண்ணிடாதீங்க. சாயங்காலம் சூரியனப் பார்த்து கார் ஓட்டுறப்ப கண்ணாடில இருக்குற தூசி எப்படி மின்னும், சூரியன் முதுகுப் பக்கம் இருந்தா ஒண்ணுமே தெரியாது, அதே கதைதான், நம்ம பக்கம் சாஞ்ச விளிம்பு சும்மாவே தூக்கலாத் தெரியலாம்.

அப்புறம் ஃபோமல்ஹாட்டுக்கு வயசு 40 கோடி வருஷத்துக்கு மேல, இளசுன்னு சொன்னா டீச்சர் மார்க் குறைச்சிடப் போறாங்க 😄 பீட்டா பிக்டோரிஸ்ங்குற நட்சத்திரத்த எடுக்கச் சொல்லுங்க, சுமார் 2 கோடி வருஷம்தான். 1984ல சிலில இருந்து எடுத்த படத்துலயே தட்டு பக்கவாட்டுல தெரிஞ்சுது. உள்பக்கம் லேசா வளைஞ்சிருக்கு, ஒரு கிரகம் இழுக்குதுன்னு சந்தேகப்பட்டாங்க, 2008ல கிரகத்தயே படத்துல காட்டிட்டாங்க. எனக்குப் புடிச்சது தென்மேற்குப் பக்கம் இருக்குற கார்பன் மோனாக்சைடு திட்டு. புற ஊதாக் கதிர் அந்த வாயுவ நூறு வருஷம் போல ஆனா உடைச்சிடும், இன்னும் இருக்குன்னா அங்க பனிக்கட்டிப் பாறைங்க இப்பவும் மோதி அத வெளிய விட்டுக்கிட்டே இருக்கணும்.

பொங்கோல்_அப்பா:
ரொம்ப நன்றி. அப்ப ஃபோமல்ஹாட் வளையத்தக் கோணலாக்குனதும் கிரகம்தானா? 'ஃபோமல்ஹாட் பி' (Fomalhaut b) அப்படின்னு ஒண்ணு சொல்றாங்களே?

வானம்65:
அத 2008ல கிரகம்னு அறிவிச்சாங்க, அப்புறம் பார்த்தா வருஷா வருஷம் மங்கி விரிஞ்சுக்கிட்டே போச்சு, ஏதோ ரெண்டு பாறை மோதுன தூசி மேகம்னு 2020ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. ப்ராஜெக்ட்ல கிரகம்னு எழுத வேணாம். வேற கிரகம் இழுக்கலாம், இன்னும் சிக்கல.

ஃபோமல்ஹாட் நட்சத்திரத்த மட்டும்னா இங்க சிங்கப்பூர்லேர்ந்தே காட்டலாம், நவம்பர் நடுவுல ராத்திரி எட்டரை வாக்குல தெற்கே 60 டிகிரி உயரத்துல இருக்கும், பக்கத்துல வேற பளிச்சு நட்சத்திரம் கிடையாது, நம்ம ஊரு வெளிச்சத்துலயும் தெரியும். மழை விடணும், அது வேற கதை.