20,000 ரூபாயில் கார் ஆடியோ: முதல் செலவு சப்வூஃபருக்கா, கதவுக்கா?

(மூவர் புனைபெயர்களில் எழுதிக்கொண்ட உரையாடல்.)

பழைய ஸ்விஃப்ட்:
சென்ற மாதம் வாங்கிய பழைய ஸ்விஃப்ட்டில், முந்தைய உரிமையாளர் பொருத்திய ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உள்ள பாட்டுக் கருவி) இருக்கிறது. அதில் தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரும், ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியே தாமதப்படுத்தும் டைம் அலைன்மென்ட்டும் உண்டு. ஸ்பீக்கர்கள் மட்டும் காருடன் வந்தவை. தவில் ஒலி தட்டையாகக் கேட்கிறது. பாட்டு முழுவதும் வலப்பக்கக் கதவிலிருந்தே வருகிறது. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

டிக்கியில் இடி:
இருக்கைக்கு அடியில் வைக்கும், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த 8 அங்குல சப்வூஃபரை (அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கரை) முதலில் வாங்குங்கள். கதவு ஸ்பீக்கரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதை நம்ப முடியாது. சப்வூஃபர் வந்தவுடன் ஹெட் யூனிட்டில் 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) வைத்துவிட்டால், கதவு ஸ்பீக்கரின் பாரமும் குறைந்து பாடகரின் குரல் தெளியும்.

கதவைத் திற:
நண்பர் சொல்லும் 80 ஹெர்ட்ஸ் கணக்கை ஏற்கிறேன். வரிசையைத்தான் ஏற்க முடியவில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கிறது. கதவின் உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளை மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே மூடியிருப்பதால், பின்னால் எழும் ஒலி முன்னால் வந்து கலந்து, அடித்தொனியைத் தின்றுவிடுகிறது. உங்கள் தவில் தட்டையாக ஒலிப்பதற்கு இதுவே முதற்காரணமாக இருக்கலாம். முன் கதவுகள் இரண்டிலும் ஓட்டைகளை அடைத்து, அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி, நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர் (கீச்சொலிக்குத் தனி ஸ்பீக்கர் கொண்டது) ஒரு ஜோடி பொருத்துங்கள். நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பின் கதவு ஸ்பீக்கர்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

டிக்கியில் இடி:
அந்த ஸ்பீக்கர்களை எதைக் கொண்டு இயக்குவீர்கள்? ஹெட் யூனிட்டின் மேல் "50 வாட்ஸ் x 4" என்று அச்சிட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது சேனலுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 வாட்ஸ்தான். ஷீட் ஒட்டுவதால் வாட்ஸ் கூடிவிடாது.

கதவைத் திற:
கூடாதுதான். ஆனால் வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 90 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கராகத் தேர்ந்தெடுத்தால், இந்த பட்ஜெட்டில் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே சமாளிக்கலாம். முதல் காரில் நானும் சப்வூஃபரைத்தான் முதலில் வாங்கினேன். வாசித்தது சப்வூஃபர், ஆடியது கதவு! பவர் விண்டோ சுவிட்சைச் சுற்றிய பிளாஸ்டிக் ஒவ்வோர் அடிக்கும் கடகடத்தது. விரலால் அழுத்தினால் நிற்கும், எடுத்தால் மீண்டும் தொடங்கும். பொருத்திய கடைக்காரரோ பேட்டரியிலிருந்து வந்த வயரில் ஃபியூஸே வைக்கவில்லை. எந்த வழியில் போனாலும், பேட்டரியிலிருந்து ஓரடி, ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும்.

டிக்கியில் இடி:
ஃபியூஸ் விஷயத்தில் மறுபேச்சில்லை. ஆயினும் சப்வூஃபர் இல்லாத காரை முழுமையானது என்று சொல்ல மாட்டேன்.

கதவைத் திற:
கேள்வி கேட்டவருக்கு ஒன்று: செலவுக்கு முன் அளவு டேப்பை எடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இரு கதவு ஸ்பீக்கர்களிலிருந்தும் தலை வரையுள்ள தூரத்தை அளந்து, வித்தியாசத்தில் 34 சென்டிமீட்டருக்கு 1 மில்லி செகண்ட் என்ற கணக்கில் வலப்பக்க ஸ்பீக்கரைத் தாமதப்படுத்துங்கள்.

பழைய ஸ்விஃப்ட்:
அளந்தேன். வலம் 92, இடம் 135. வித்தியாசம் 43 சென்டிமீட்டர். வலப்பக்கத்துக்கு 1.25 மில்லி செகண்ட் வைத்ததும், பாடகர் கதவை விட்டு எழுந்து டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிட்டார். தவில் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கதவுப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

டிக்கியில் இடி:
கழற்றும்போது கிளிப்புகள் உடையும்; பத்துக் கிளிப்புகள் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப்படும் பணத்தை மட்டும் செலவழித்துவிடாதீர்கள், சப்வூஃபருக்குத் தேவைப்படும்.