ஓத மின்சாரம்: நிலவை நம்பி மின்நிலையம் கட்டலாமா?

இளந்திரையன்

புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றாலே சூரியத் தகடு, காற்றாலை, பேட்டரி என்று மூன்றோடு பேச்சை முடித்துவிடுகிறோம். நிலவின் ஈர்ப்பால் நாள் தவறாமல் ஏறி இறங்கும் கடலை, அதாவது ஓதத்தை, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிரான்ஸில் ரான்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் குறுக்கே அணை கட்டி 1966-இல் திறந்த ஓத மின்நிலையம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 24 டர்பைன்கள், மொத்தம் 240 மெகாவாட், ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கோடி யூனிட். அதே காலத்தில் திறந்த அனல்மின் நிலையங்கள் எத்தனையோ இடிபட்டுப் பழைய இரும்பாகிவிட்டன.

நான் இதை ஆதரிக்க முக்கியக் காரணம், முன்கூட்டியே தெரிவது. நாளை மறுநாள் மேகம் மூடுமா, காற்று அடிக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குக் கடல் உச்சத்தில் இருக்கும் என்பதை இன்றே அட்டவணை போட்டுவிடலாம். 1870-களிலேயே இயற்பியலாளர் கெல்வின் இதற்கென்று பற்சக்கரங்கள் வைத்த இயந்திரம் செய்திருந்தார். இவ்வளவு நம்பகமான எரிபொருள் வேறு எது?

கணக்கன்

முன்கூட்டியே தெரிவதும் வேண்டிய நேரத்தில் கிடைப்பதும் வேறு வேறு. ஓதம் எப்போது வரும் என்று தெரியும், சரி. நமக்கு விளக்குப் போட வேண்டிய நேரத்தில் வருமா?

இரண்டு உச்சங்களுக்கு நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாள்தோறும் உச்சம் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இந்த வாரம் சாயங்காலத் தேவைக்குச் சரியாகக் கைகொடுக்கும். அடுத்த வாரம் ஊரே தூங்கும் நள்ளிரவில் பொங்கி வழியும். நாளைக்கு நான்கு தடவை நீர் திசை மாறும். அப்போதெல்லாம் உற்பத்தி கிட்டத்தட்ட பூஜ்யம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டி அந்த வித்தியாசம் பல இடங்களில் பாதியாகிவிடும். ஏறிய நீரை உள்ளே தேக்கி, கடல் வற்றியதும் டர்பைன் வழியே விடும் தடுப்பணையில் கிடைக்கும் ஆற்றல் உயர வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக உயரம் பாதியானால் மின்சாரம் கால்வாசி. மாதத்தில் இரண்டு தடவை இந்தப் பள்ளம் வரும். எட்டு மணி நேர பேட்டரி வைத்து இதை நிரப்ப முடியாது.

நீங்கள் சொன்ன ரான்ஸ் எண்களையே வகுத்துப் பாருங்கள். 240 மெகாவாட் ஆண்டு முழுக்க முழுத்திறனில் ஓடினால் 210 கோடி யூனிட் வர வேண்டும். வருவது 50 கோடி. கால்வாசிக்கும் குறைவு.

இளந்திரையன்

கால்வாசி என்பது சூரியத் தகட்டோடு ஒப்பிட்டால் குறைவில்லையே, கணக்கன். தகடு பெரும்பாலான இடங்களில் அந்த அளவுக்குக்கூட வருவதில்லை.

நேரப் பிரச்சினைக்கு ரான்ஸிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடல் உச்சத்தில் இருக்கும்போது, உள்ளே வெளியே மட்டம் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். அந்த நேரத்தில் டர்பைன்களையே பம்பாக ஓட்டி, உள்ளே இன்னும் ஒரு மீட்டர் போல நீரை ஏற்றிவிடுவார்கள். மேலே தள்ளவேண்டிய உயரம் ஒரு மீட்டருக்குள்தான். சில மணி நேரம் கழித்துக் கடல் வற்றிய பிறகு அதே நீர் ஐந்தாறு மீட்டர் கீழே விழும். செலவழித்ததைவிடக் கூடுதலாக மின்சாரம் திரும்பி வருகிறது, நேரத்தையும் ஓரளவு நம் வசதிக்குத் தள்ளிக்கொள்ளலாம். ஓசியில் வரும் ஆற்றல் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மிச்ச வேலையை வற்றும் கடல் செய்கிறது.

தவிர, உச்சம் கரை நெடுக ஒரே நேரத்தில் வருவதில்லை. இரண்டு நிலையங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒன்று நிற்கும்போது மற்றது ஓடும்.

நெய்தல்விழி

நீங்கள் இருவரும் மின்சாரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ரான்ஸ் எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். கட்டுமானத்துக்காக 1963 முதல் 1966 வரை கழிமுகத்தைக் கடலிலிருந்து அடைத்துவிட்டார்கள். மூன்று ஆண்டு ஓதமே உள்ளே போகவில்லை. உப்புத் தண்ணீரையும் வண்டலையும் நம்பியிருந்த உயிர்கள் கூட்டத்தோடு அழிந்தன. நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சமநிலை திரும்பப் பத்து ஆண்டு போல ஆனது. திரும்பி வந்ததும் பழைய கழிமுகம் இல்லை; சில மீன் வகைகள் போய்விட்டன, வேறு சில வந்து குடியேறின. வண்டல் படிவது இன்றும் அங்கே தலைவலிதான்.

கழிமுகத்தில் ஓதம் வற்றியதும் வெளியே தெரியும் சேற்றுவெளியை ஒரு தடவை குனிந்து பார்த்தவர்கள் அதை வெற்றிடம் என்று சொல்லமாட்டார்கள். உள்ளங்கை அளவு சேற்றில் பல்லாயிரம் நுண்பாசிகள், புழு போட்ட சுருள் மண், சிப்பி மூச்சுவிடும் துளை. கடல் வற்றியிருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் உள்ளான் பறவைகள் வயிற்றை நிரப்பியாக வேண்டும். தடுப்பணை வந்தால் உள்ளே நீர் முழுக்க வற்றாது, சேற்றுவெளியில் ஒரு பகுதி நிரந்தரமாக முங்கிவிடும். பிரிட்டனில் செவர்ன் கழிமுகத்தின் குறுக்கே 16 கிலோமீட்டர் அணை கட்டி 8,600 மெகாவாட் எடுக்கலாம், நாட்டின் மின்தேவையில் ஏறக்குறைய 5 சதவீதம் கிடைக்கும் என்று பல பத்தாண்டுகள் பேசினார்கள். 2010-இல் அரசே அதைக் கைவிட்டது. செலவு பெருங்காரணம், பறவைகளும் சேற்றுவெளியும் அந்த வாதத்தில் இருந்தன.

கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அன்னாபொலிஸ் நிலையம் 1984-இல் வந்தது, 20 மெகாவாட். டர்பைனில் அடிபட்டு மீன் சாவது கடைசிவரை தீரவில்லை. 2004-இல் ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம் திறந்திருந்த மதகு வழியே உள்ளே புகுந்துவிட்டு, வெளியே போக வழி தெரியாமல் நாள்கணக்கில் சுற்றியது. 2019-இல் அந்த நிலையம் நின்றுபோனது. அதன் பிறகும் இதைப் பசுமை மின்சாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இளந்திரையன்

அக்கா, கழிமுகத்தை அடைத்துப் புதிதாக அணை கட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கொரியாவின் சிஹ்வா ஏரியைப் பாருங்கள். அங்கே 12.7 கிலோமீட்டர் கடற்சுவரை 1994-இலேயே கட்டி முடித்துவிட்டார்கள், விவசாயத்துக்கு நன்னீர் சேமிப்பதற்காக. உள்ளே தேங்கிய நீரில் தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து நாறிப்போனது. கடைசியில் அந்தச் சுவரிலேயே மின்நிலையம் வைத்து 2011-இல் திறந்தார்கள். 254 மெகாவாட், இன்றைக்கு உலகிலேயே பெரியது. கடல்நீர் நாள்தோறும் உள்ளே போய் வெளியே வர, ஏரியின் நீர் தேறியது. இங்கே நிலையம் இல்லாமல் இருந்தால்தான் சூழலுக்குக் கேடு.

நெய்தல்விழி

சிஹ்வாவில் தேறியது உண்மைதான். ஆனால் சுவர் முதலில் செய்த கேட்டைத்தான் நிலையம் பிறகு ஓரளவு சரிசெய்தது. ஏற்கெனவே சுவர் நிற்கும் இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அதற்குள் நின்றால் நான் எதிர்க்கமாட்டேன். அந்தப் பட்டியலைக் காட்டி ஆரம்பித்து, பிறகு புதுக் கழிமுகத்துக்கு நகரும்போதுதான் எதிர்ப்பேன்.

கணக்கன்

சிஹ்வா ஒரு திசையில் மட்டும்தான் மின்சாரம் எடுக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் உள்ளே வரும்போது உற்பத்தி. வற்றும்போது மதகைத் திறந்து சும்மா விடுகிறார்கள். உள்ளே நிலத்தை மீட்டுக் குடியிருப்பும் தொழிற்சாலையும் வந்துவிட்டதால் ஏரி மட்டத்தை ஏற்ற முடியாது. உலகிலேயே பெரிய இரண்டு நிலையங்களும் சேர்ந்து 500 மெகாவாட்டைத் தொடவில்லை, இரண்டுக்கும் இடையே 45 ஆண்டு.

மதகடி

நான் கப்பல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். அணையை விட்டுவிடுங்கள், கடலடியில் நிறுத்தும் டர்பைனைப் பற்றிச் சொல்கிறேன். காற்றாலையைத் தண்ணீருக்குள் இறக்கியதுபோல இருக்கும். சுவர் இல்லை, ஏரி இல்லை, ஓடும் நீரே விசிறியைச் சுற்றும். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிலோவாட் இருக்கிறது. 12 மீட்டர் வேகக் காற்றில் ஒரு கிலோவாட்தான்.

அதே அடர்த்திதான் இயந்திரத்தை உடைக்கவும் செய்யும். 2009-இல் ஃபண்டி விரிகுடாவில் இறக்கிய முதல் பெரிய டர்பைனின் இறக்கைகளைச் சில வாரங்களுக்குள்ளேயே நீரோட்டம் பிய்த்துவிட்டது. ஓதம் வேகமாக ஓடும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும், வேகமாக ஓடும் இடத்தில் முக்குளித்து வேலை செய்ய முடியாது. நீர் திசை மாறும் கொஞ்ச நேரம்தான் கையில் கிடைக்கும். அதற்குள் கப்பலை நிறுத்தி, கொக்கி மாட்டி, தூக்கியாக வேண்டும். அன்றைக்குக் காற்று அடித்தால் அடுத்த வாரம்.

சுழல்தண்டு வெளியே வரும் இடத்தில் நீர் கசியாமல் அடைக்கும் சீல்தான் பாதி நேரம் பிரச்சினை. ரப்பர் உதட்டில் மயிரிழை அகலக் கீறல் விழுந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்து கியர் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்துக்கு வந்துவிடும். பேரிங் அடுத்து போகும். கப்பலடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு ஒட்டிய இறக்கை சுரண்டாமல் விட்டால் கனத்துப்போகும்.

இருந்தாலும் முடியாத காரியம் இல்லை. ஸ்காட்லாந்தின் பென்ட்லேண்ட் நீரிணையில் மேஜென் திட்டத்தில் 1.5 மெகாவாட் டர்பைன்கள் நான்கு இருக்கின்றன. மற்றவை இடையில் பழுதுக்காக மேலே வந்தாலும் ஒன்று ஆறு ஆண்டுக்கு மேல் எதிர்பாராத பழுதே இல்லாமல் ஓடியது. தொழிலில் இருப்பவனுக்கு அந்த ஆறு ஆண்டின் அருமை தெரியும்.

கணக்கன்

அந்த ஆறு ஆண்டுக்கு என் மரியாதையும் உண்டு, மதகடி. ஆனால் விலை? பிரிட்டன் அரசு 2022-இல் நடத்திய மின்விலை ஏலத்தில் ஓதத்துக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 178.54 பவுண்டு. அதே ஏலத்தில் கடல் காற்றாலைக்கு 37.35. ஐந்து மடங்கு வித்தியாசம். மக்கள் பணத்தில் ஐந்து மடங்கு கொடுத்து ஒரு யூனிட் வாங்குவதைவிட, அதே பணத்தில் ஐந்து யூனிட் நிலக்கரியை அணைக்கலாம்.

இளந்திரையன்

அந்த 37.35 நிலைக்கவில்லையே. அந்த விலைக்கு எடுத்த காற்றாலைத் திட்டம் ஒன்று கட்டுப்படியாகாமல் நின்றது. 2023 ஏலத்தில் கடல் காற்றாலைக்கு யாரும் கேட்கவே இல்லை. சூரியத் தகடும் ஒரு காலத்தில் எட்டாத விலையில்தான் இருந்தது. வாங்கி வாங்கித்தான் இறங்கியது.

கணக்கன்

தகடு தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் அச்சடித்ததுபோல வருகிறது, அதனால் இறங்கியது. ஓதத்துக்கு ஏற்ற இடங்களே உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொரு நீரிணையும் ஒரு தனி வேலை. அந்த இறக்கம் இங்கே வராது என்பதுதான் என் வாதம்.

சுடரொளி

குறுக்கே ஒரு கேள்வி. ஓதத்திலிருந்து ஆற்றலை எடுத்தால் பூமியின் சுழற்சி குறையும் என்கிறார்களே?

மதகடி

ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் தன் படுகையில் உராய்வதால் நாளின் நீளம் நூறு ஆண்டுக்கு ஓரிரு மில்லிவினாடி கூடுகிறது, நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. இயற்கையாகவே அப்படி வீணாகும் திறன் 35 லட்சம் மெகாவாட்டுக்கு மேல். நாம் எடுக்கும் சில நூறு மெகாவாட் அதில் கணக்கிலேயே வராது.

நெய்தல்விழி

கடலடி டர்பைனுக்கு நான் கதவைச் சாத்தவில்லை. வடக்கு அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டில் 2008-இல் நிறுத்திய 1.2 மெகாவாட் இயந்திரத்தைச் சுற்றிக் கடல்நாய்களைப் பல ஆண்டு கண்காணித்தார்கள். அவை அந்த வழியே போய்வருவதை நிறுத்தவில்லை. இயந்திரம் ஓடும்போது கொஞ்சம் ஒதுங்கிப் போயின. 2019-க்குள் அதை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதற்கு நேர்மாறு ஃபண்டியில் நடந்தது. 2018 ஜூலையில் ஆயிரம் டன் டர்பைனைக் கடலடியில் இறக்கிய சில நாளிலேயே அந்த நிறுவனத்தின் கதை முடிந்தது, இயந்திரம் அடியிலேயே கிடந்தது. அதனால் ஒன்று கேட்கிறேன்: இறக்கும் முன்பே, திரும்ப எடுக்கும் செலவை வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும். அது இல்லாமல் அனுமதி கூடாது.

இளந்திரையன்

கட்டச் சொல்லுங்கள், அக்கா, முழுச் சம்மதம். கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளுக்கும் அதே விதியைப் போட்டுவிட்டு, பிறகு கணக்கன் சொல்லும் ஐந்து மடங்கை மறுபடி வகுத்துப் பார்ப்போம்.

கணக்கன்

வகுக்கலாம். ஆனால் நான் ஒப்பிட்டது எண்ணெயோடு இல்லை, காற்றோடு. அஷ்டமி வாரத்துக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை. கரை நெடுக எங்கே வைத்தாலும் அந்த வாரம் எல்லா நிலையத்துக்கும் ஒன்றாகத்தான் வரும்.