மலைக்குள் இருக்கும் ஐஸ் ஹாக்கி அரங்கைப் பார்க்க வழி உண்டா?

நார்வேயில் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் என் மாமனார் ஆஸ்லோ வருகிறார். நாற்பது ஆண்டுகள் கல் குவாரியில் வேலை பார்த்தவர். 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்குக்காக யோவிக் நகரில் மலையைக் குடைந்து கட்டிய ஐஸ் ஹாக்கி அரங்கின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தூண் எங்கே?" என்று மட்டும் கேட்டார். தூணே கிடையாது, 61 மீட்டர் அகலத்துக்குப் பாறையே வளைந்து கூரையாக நிற்கிறது, இரும்புக் கம்பிகளை இறுக்கிக் காங்கிரீட் பூசியிருக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை. நேரில் தட்டிப் பார்த்தால்தான் நம்புவாராம்!

ஆட்டம் இல்லாத நாளில் உள்ளே விடுவார்களா? முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டுமா? யோவிக் இருக்கும் மியோசா ஏரியின் எதிர்க்கரையில் ஹாமர் நகரம் இருக்கிறது. கவிழ்த்த வைக்கிங் கப்பல் போன்ற கூரையுடைய ஸ்கேட்டிங் அரங்கு அங்கேதான். அதையும் ஒரே நாளில் முடிக்கலாமா, அல்லது முட்டி வலிக்காரரை வைத்துக்கொண்டு அது பேராசையா? யோவிக் ரயில் நிலையத்திலிருந்து ஏற்றம் அதிகமா என்பதையும் போய்வந்தவர்கள் சொன்னால் நல்லது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.