‘ஐ வெரி மச் அப்ரிஷியேட்’ தப்பாம்! மேலாளர் திருத்திய லட்சணம்

மெய்ப்புக்காரன்:
வயிற்றெரிச்சலில் இந்தத் திரியைத் தொடங்குகிறேன். வாடிக்கையாளருக்கு அனுப்ப ‘ஐ வெரி மச் அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்’ என்று ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் மேலாளர் அதைச் சிவப்பில் அடித்து ‘ஐ அப்ரிஷியேட் வெரி மச் யுவர் ஹெல்ப்’ என்று மாற்றினார். அதோடு விட்டாரா? ‘வினைச்சொல்லுக்கு முன்னால் வெரி வரக் கூடாது, இது அடிப்படை’ என்று குழு முழுக்க நகல் வைத்துப் பாடம் எடுத்துவிட்டார். நான் எழுதியது சரி. அவர் திருத்தியதுதான் கோணல். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வெரி மச்சைச் செருகினால் காதில் உறுத்தும். ‘ஐ லைக் வெரி மச் காபி’ என்று யாராவது சொல்வார்களா? ‘ஐ லைக் காபி வெரி மச்’ என்றுதானே சொல்வார்கள்?

பழைய வாத்தியார்:
மேலாளர் சொன்னதில் என்ன குற்றம்? வினைக்கு முன்னால் வெரி வராது. ‘ஐ வெரி லைக்’ தப்பு, ‘ஐ வெரி என்ஜாய்’ தப்பு. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பெயரடைக்கும் வினையடைக்கும் முன்னால் வெரி, ஒப்பிட்டுச் சொல்லும்போது மச். வெரி குட், மச் பெட்டர். இந்த காலத்துப் பையன்கள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, மேலாளர் மேல் மட்டும் கோபம் வருகிறது.

மெய்ப்புக்காரன்:
சார், நான் எங்கே ‘ஐ வெரி லைக்’ என்று எழுதினேன்? ‘வெரி மச்’ என்று எழுதினேன். வெரி அங்கே மச்சைத்தான் அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே அடையாக நின்று வினையை அழுத்துகின்றன. நீங்கள் சொன்ன விதிப்படியே பார்த்தாலும் மச் ஒரு வினையடை, அதற்கு முன்னால் வெரி. என்ன மீறல்?

பழைய வாத்தியார்:
சேர்ந்தோ சேராமலோ, வெரி எங்கே நிற்கிறது? வினைக்கு முன்னால். வராது.

சுண்டல்:
புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தகவல்: இது ‘ஷல், வில்’ திரியின் இரண்டாம் பாகம். அதே வாத்தியார், அதே மெய்ப்புக்காரன். பொரி வாங்கி வந்து உட்காரவும்.

தேம்ஸ்கரை:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். ‘ஐ வுட் வெரி மச் லைக் டு மீட் யூ’ என்பது இங்கே கடிதங்களில் சர்வசாதாரணம். அதில் வினைக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆனால் மேலாளர் எழுதியதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. பின்னால் வரும் செயப்படுபொருள் நீளமாக இருந்தால், ‘ஐ அப்ரிஷியேட் வெரி மச் தி ஹெல்ப் யூ கேவ் அஸ் லாஸ்ட் வீக்’ என்று வரும். வெறும் ‘யுவர் ஹெல்ப்’ என்ற குட்டிச் சொல்லுக்குத்தான் அது பொருந்தவில்லை.

பழைய வாத்தியார்:
இங்கிலாந்தில் இருப்பதால் இலக்கணம் வந்துவிடுமா? ஆற்றங்கரையில் இருப்பவனுக்கெல்லாம் நீச்சல் தெரியுமா? தினமும் நாம் சொல்வது என்ன? ‘தேங்க் யூ வெரி மச்’. வெரி எங்கே? பின்னால். ‘வெரி மச் தேங்க் யூ’ என்று ஒருவனைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

செவ்வந்தி:
வினைக்கு வினை பழக்கம் மாறும் வாத்தியாரே. ‘ஐ மச் ப்ரிஃபர் டீ’ என்று சொல்லலாம், ‘ஐ மச் லைக் டீ’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எதிர்மறையாக்கினால் ‘ஐ டோண்ட் மச் லைக் டீ’ வந்துவிடும். இதற்கெல்லாம் ஒரே ஒரு சூத்திரம் கிடையாது. என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு ஜோடி ஜோடியாகத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்: டீப்லி ரிக்ரெட், ஹைலி ரெகமண்ட், தரோலி என்ஜாய், பேட்லி நீட். ஜோடி மாற்றி ‘ஹைலி என்ஜாய்’ என்று எழுதினால் அங்கேயே தெரிந்துவிடும். இடம் மாறினாலும் பொருள் மாறும். ‘ஐ ரியலி டோண்ட் லைக் இட்’ என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ‘ஐ டோண்ட் ரியலி லைக் இட்’ என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அலுவலகச் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

பழைய வாத்தியார்:
நல்ல பட்டியல் அம்மா. அதில் வெரி எங்கே? ஒரு இடத்திலும் இல்லை. நான் சொல்வதும் அதைத்தான். அப்புறம், பேட்லி என்றால் மோசமாக என்று பொருள். ‘ஐ பேட்லி நீட் எ ஜாப்’ என்றால் வேலை மோசமாகத் தேவைப்படுகிறதா?

செவ்வந்தி:
நீட், வாண்ட் இரண்டோடும் வரும்போது பேட்லிக்கு ‘ரொம்ப’ என்றுதான் பொருள். எந்த அகராதியிலும் இருக்கிறது. ‘பயங்கரமாகப் பிடித்திருக்கிறது’ என்று நாம் சொல்லும்போது பயந்துகொண்டா சொல்கிறோம்?

டல்லாஸ்மாமி:
அழுத்திச் சொல்வது பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். இந்த இங்கிலாந்துக்காரர்களின் ‘க்வைட்’ என்ன கணக்கு? என் நாத்தனார் லண்டனில். நான் அனுப்பிய புடவையைப் பார்த்து ‘ஐ க்வைட் லைக் இட்’ என்றாள். நானும் மகிழ்ந்துபோய் இன்னொன்று அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, சுமார் என்பதை அப்படிச் சொல்லியிருக்கிறாள்! அமெரிக்காவில் ‘க்வைட் குட்’ என்றால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள்.

தேம்ஸ்கரை:
அம்மா, ‘க்வைட் லைக்’ என்றால் பரவாயில்லை, ‘க்வைட் அக்ரீ’ என்றால் முழுச் சம்மதம். வினையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மொழியின் சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். அமெரிக்கா அதைக் கெடுத்து வைத்ததற்கு நாங்கள் என்ன செய்ய?

டல்லாஸ்மாமி:
‘நாங்கள்’ என்று எப்போதிலிருந்து? போன பொங்கல் வரை மாயவரத்துக்காரர் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

பழைய வாத்தியார்:
திரி திசைமாறுகிறது. பெரியவர்கள் எழுதியதைப் பார்ப்போம். ஹாம்லெட்டில் ராணி சொல்வது, ‘தி லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்’. ஒதெல்லோ தன்னைப் பற்றிச் சொல்வது, ‘லவ்ட் நாட் வைஸ்லி பட் டூ வெல்’. டூ மச்சும் டூ வெல்லும் எங்கே நிற்கின்றன? வினைக்குப் பின்னால். ஷேக்ஸ்பியருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

மெய்ப்புக்காரன்:
அது டூ மச், சார். டூ மச் பின்னால்தான் வரும், யாரும் மறுக்கவில்லை. ‘ஐ டூ மச் லைக்’ என்று நானும் எழுதவில்லை. நாவலுக்குப் போவோம் என்றால், 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’. டார்சி எலிசபெத்திடம் காதலைச் சொல்லும் இடம்: ‘ஹவ் ஆர்டண்ட்லி ஐ அட்மையர் அண்ட் லவ் யூ’. அழுத்தும் அடை வினைக்கு முன்னால்தானே நிற்கிறது?

பழைய வாத்தியார்:
அதில் வெரி இருக்கிறதா? இல்லை. முடிந்தது.

மெய்ப்புக்காரன்:
என்ன முடிந்தது? நான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். வெரி வேறு, வெரி மச் வேறு. இதற்கு ஒரு வரி பதில் சொல்லுங்கள். உங்கள் ரென் அண்ட் மார்ட்டின், பாஸ்ட் பார்ட்டிசிபிளுக்கு, அதாவது வினையின் மூன்றாம் வடிவத்துக்கு, முன்னால் மச் வர வேண்டும் என்கிறது. டயர்ட் என்பது பாஸ்ட் பார்ட்டிசிபிள்தானே? ‘ஐயாம் வெரி டயர்ட்’ என்று உலகமே சொல்கிறதே, அதையும் சிவப்பில் அடிப்பீர்களா? இந்தத் திரியைப் படித்து நானே வெரி டயர்ட்.

பழைய வாத்தியார்:
டயர்ட் வினையா? அந்த வாக்கியத்தில் அது பெயரடை. பெயரடைக்கு முன்னால் வெரி வரும் என்று முதலிலேயே சொன்னேன். படிக்காமல் பதில் எழுதுவது உங்கள் பழக்கம். ‘ஷல்’ திரியிலும் இதே கதைதான், கடைசியில் பதில் இல்லாமல் ஓடினீர்கள்.

மெய்ப்புக்காரன்:
ஓடவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். அது இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு இவ்வளவு காவல் காக்கிற நீங்கள் மேலே ‘இந்த காலத்து’ என்று ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காலத்து என்று வர வேண்டும். சுட்டுக்குப் பின்னால் வல்லினம் மிகும் என்பது எந்த வகுப்புப் பாடம், சார்?

பழைய வாத்தியார்:
கைப்பேசியில் தட்டுகிறேன், விரல் தவறுவது சகஜம். தமிழ்ப் பிழையைக் காட்டி ஆங்கிலப் பிழையை மறைக்காதீர்கள்.

சுண்டல்:
‘விரல் வெரி மச் தவறியது’ என்று சொல்லலாமா வாத்தியாரே, அல்லது ‘தவறியது வெரி மச்’ என்றுதான் சொல்ல வேண்டுமா?

பழைய வாத்தியார்:
கேலி செய்பவர்களுக்கு இலக்கணம் ஏறாது.

செவ்வந்தி:
மெய்ப்புக்காரரே, உங்கள் மேலாளரோடு மல்லுக்கு நிற்காமல் ‘ஐ ரியலி அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்’ என்று அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாமே. வெரியும் இல்லை, வம்பும் இல்லை.

மெய்ப்புக்காரன்:
எதற்கு மாற்ற வேண்டும்? சரியாக எழுதியவன் ஏன் இறங்கிப் போக வேண்டும்? குழு முழுக்க நகல் வைத்து அவமானப்படுத்தியது அவர். நானும் அதே பட்டியலுக்கு நகல் வைத்து ‘ஐ வெரி மச் டவுட் இட்’ என்று பதில் போடப்போகிறேன்.

பழைய வாத்தியார்:
போடுங்கள். அதிலும் வெரி வினைக்கு முன்னால்தான் இருக்கிறது. மேலாளர் அதையும் திருத்துவார், திருத்தவும் வேண்டும்.

தேம்ஸ்கரை:
‘ஐ வெரி மச் டவுட் இட்’ இங்கே நாடாளுமன்ற உறுப்பினர்கள்கூடப் பேசும் ஆங்கிலம், ஐயா.

பழைய வாத்தியார்:
அரசியல்வாதி பேசுவதெல்லாம் இலக்கணமா? நம் ஊர் மேடைப் பேச்சைக் கேட்டதில்லையா நீங்கள்?

டல்லாஸ்மாமி:
என் நாத்தனாருக்கு என்ன பதில் எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது புடவைக்கு ‘க்வைட் நைஸ்’ என்று செய்தி வந்திருக்கிறது. தேம்ஸ்கரை, இது எந்த க்வைட்?