மறு: ஸ்பானிய 'சப்ஜங்டிவ்' – தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களே,

என் ஸ்பானிய வகுப்புக் கையேடு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. விருப்பம், ஐயம், வாழ்த்து ஆகியவற்றைச் சொல்லும்போது ஸ்பானிய வினை எடுக்கும் 'சப்ஜங்டிவ்' வடிவத்துக்கு அதற்குள் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

போன வகுப்பில் 'அப்லா' (அவள் பேசுகிறாள்) என்று பலகையில் எழுதி, அதன் கீழே 'கியேரோ கே அப்லே' (அவள் பேச வேண்டும் என விரும்புகிறேன்) என்று எழுதினேன். "மிஸ், 'லா' ஏன் 'லே' ஆச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். விதி எளிது. தன்மை ஒருமை 'அப்லோ'வின் (நான் பேசுகிறேன்) கடைசி ஓகாரத்தை வெட்டிவிட்டு, -ஆர் என முடியும் வினைக்கு ஏகாரமும், -ஏர், -ஈர் என முடியும் வினைகளுக்கு ஆகாரமும் சேர்க்க வேண்டும். நான், நீ, அவள், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: அப்லே, அப்லேஸ், அப்லே, அப்லேமோஸ், அப்லேய்ஸ், அப்லேன். அதேபோல 'கோமே' (சாப்பிடுகிறான்) 'கோமா' ஆகும். இதைச் சொல்லி முடித்துவிட்டேன். இதற்குப் பெயர் என்ன என்று கேட்டபோதுதான் நின்றுபோனேன்.

> வியங்கோள் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. 'வாழ்க', 'வருக' என்று வாழ்த்தவும் வேண்டவும் வரும் வினைதானே வியங்கோள். செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ அதிபர் மாளிகை மாடத்தில் நின்று 'விவா மெஹிகோ' (மெக்சிகோ வாழ்க) என்று முழங்குவார். 'விவா' என்பது 'விவிர்' வினையின் இதே வடிவம்; நம் 'வாழ்க' அப்படியே. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைக்காது என்கிறது தொல்காப்பியம். எல்லா இடத்திலும் வரும் என்கிறது நன்னூல். ஸ்பானியத்தில் ஆறு வடிவமும் இருப்பதால் நாம் நன்னூல் பக்கமே நிற்கலாம். ஆனால் 'நோ கிரேயோ கே கோமா' என்றால் 'அவன் சாப்பிடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை'. இதில் வாழ்த்தும் இல்லை, வேண்டுதலும் இல்லை. வியங்கோள் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் 'சாப்பிடுக' என்று எழுதிவிடுவார்கள்.

> 'ஐயவினை' போதும்.

அந்தத் தொடருக்குப் போதும். அவள் பேச வேண்டும் என்று நான் விரும்புவதில் ஐயம் எங்கே இருக்கிறது?

> லத்தீன் வேருக்கு நுகத்தின் கீழ்ப் பூட்டுவது என்று பொருள். ஆகவே 'நுகவினை'.

நுகம் தமிழா வடமொழியா என்று நீங்கள் இருவரும் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். என் வகுப்பில் நுகத்தடியைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. இன்னொரு வினையைச் சார்ந்து வருவது என்ற கருத்து மட்டும் நல்லது. 'சார்வினை' பிறந்ததும் அதிலிருந்துதான்.

> சப்ஜங்டிவ் என்றே எழுதுங்கள், புரியும்.

புரியாது, தம்பி. ஆங்கிலத்திலேயே இந்த வடிவம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் புதிது. புதுச்சொல் ஒன்றைப் பழக்கத்தான் வேண்டும் என்றால் அது தமிழாக இருக்கட்டுமே.

என் சொல் 'துணியாவினை'. நடக்கிறது, நடந்தது என்று துணிந்து கூறாத வினை. ஐயத்துக்கு எதிர் துணிவு என்பது நம் இலக்கணத்தில் பழகிய வழக்கு. மேலே உள்ள மூன்று தொடருக்கும் பொருந்துவது இது ஒன்றுதான். துணிக்கடை நினைவுக்கு வரும் என்கிறார் அக்கா. 'துணிந்து சொல்' என்பதை அறியாத பிள்ளை உண்டா அக்கா?

சரி, பெரும்பாலோர் சார்வினைக்கே கை தூக்கிவிட்டீர்கள். 'விவா மெஹிகோ' எதையும் சாராமல் தனியாகத்தான் நிற்கிறது என்ற என் குறை அப்படியே இருக்கிறது. இருந்தாலும் கையேட்டில் சார்வினை என்றே போடுகிறேன். 'விவா' வரும் பாடத்தில் மட்டும் அடிக்குறிப்பில் வியங்கோளைச் சொல்வேன். அடுத்த பதிப்புக்கு முன் துணியாவினையை மறுபடி கொண்டுவருவேன்.

அப்புறம், இறந்தகாலத்துக்கு 'அப்லாரா' என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதற்கும் பெயர் வேண்டும். தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்,
ஸ்பானிய வகுப்பு ஆசிரியை