தூக்கம் வருமா என்ற கவலையே தூக்கத்தைக் கெடுக்கும்போது: உங்கள் அனுபவம் என்ன?

மாலை வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன். விளக்கை அணைத்ததும் முழு விழிப்பு வந்துவிடும். மறுநாள் முக்கியமான வேலை ஏதேனும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கைப்பேசியில் மணி பார்த்து, "இப்போது தூங்கினாலும் ஐந்து மணி நேரம் கிடைக்கும்" என்று கணக்கிடுவேன். அடுத்த முறை பார்க்கையில் அது நான்காகக் குறைந்து, நெஞ்சு படபடக்கத் தொடங்கியிருக்கும்.

நான் சென்ற உளவியல் ஆலோசகர், ஆலிசன் ஹார்வி என்ற உளவியலாளர் 2002-இல் முன்வைத்த விளக்கத்தை எடுத்துச் சொன்னார். தூக்கம் வராதோ என்ற கவலை உடலைக் கிளர்ச்சி நிலையிலேயே வைத்திருக்கிறது. மனமோ விழிப்பின் அறிகுறிகளைத் தேடி அலைவதால் சாதாரண ஓசையும் இதயத் துடிப்பும் ஆபத்தாகத் தோன்றுகின்றன. அதனால் கவலை மேலும் கூடுகிறது. உண்மையில் தூங்கிய நேரத்தையும் குறைத்தே மதிப்பிடுகிறோம். "கண்ணே மூடவில்லை" என்று நான் உறுதியாகச் சொன்ன இரவுகளில்கூட நான் குறட்டை விட்டதாக வீட்டில் சொல்வார்கள். அதை நம்புவதற்கே எனக்கு நெடுநாள் பிடித்தது!

ஆலோசகர் சொன்னவற்றில் விநோதமாகப்பட்டதே எனக்கு அதிகம் உதவியது. இருட்டில் படுத்து, தூங்க முயலாமல், கண்ணைத் திறந்தபடி விழித்திருக்க முயல வேண்டும், கைப்பேசி கூடாது. விக்டர் பிராங்கல் என்ற மனநல மருத்துவர் வகுத்த முறை இது. தூங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் விலகியதும் பதற்றம் தணிந்தது. எல்லா இரவும் இது பலித்தது என்று சொல்லமாட்டேன். ஆயினும் படுக்கையைக் கண்டாலே வரும் அச்சம் போய்விட்டது.

மறுமொழி:

என் கவலை, உறக்கத்தை அளந்து காட்டும் கைக்கடிகாரத்தில் குடியிருந்தது. எழும்போது உடல் தெளிவாகத்தான் இருக்கும். "ஆழ்ந்த உறக்கம் குறைவு" என்று திரையில் படித்த பிறகே சோர்வு வரும். விதை முளைத்துவிட்டதா என்று நாள்தோறும் தோண்டிப் பார்ப்பவன் கதைதான். இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், 2017-இல் இதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே சூட்டியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் மூளை அலைகளைப் பதிவுசெய்தே உறக்க நிலைகளைப் பிரிக்கிறார்கள். கடிகாரமோ அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு ஊகிக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்த பின்னரும் அதைக் கழற்றிவைக்க மனம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. இப்போது பகலில் மட்டும் அணிகிறேன். இரவில் எத்தனை முறை விழித்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

மறுமொழி:

மேலே எழுதிய இருவருக்கும் நேர்ந்ததே எனக்கும் நேர்ந்தது என்றாலும், ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. என் கணவரும் தமது பகல்நேரச் சோர்வைக் கவலையின் விளைவு என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதை நான் கவனித்துச் சொன்ன பிறகே அது உறக்கத்தில் நேரும் மூச்சுத்தடை என்று பரிசோதனையில் தெரியவந்தது. அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு.

எனக்கோ, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் பலன் தந்தது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்வது, இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது ஆகியவை அதன் பகுதிகள். படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்கும் பகுதி தொடக்கத்தில் பகல்நேரத் தூக்கக் கலக்கத்தைக் கூட்டும் என்பதால், அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பகுதியைத் தொடங்கக் கூடாது.